கங்கா ஈ விரட்டினாள்

ஓய்வு பெற்ற பிறகு, கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இளைய கால்நடை மருத்துவர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லித்தரும் வகுப்பு. நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் அப்படி ஒரு சொல்லே எங்கள் துறையில் புழங்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், வெயிலில் படுத்திருக்கும் ஒரு நாயின் படத்தைத் திரையில் போட்டு, "இதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. நாமும் இப்படி நிகழ்காலத்தில் வாழப் பழக வேண்டும்" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் எழுந்தாள். "சார், போன மாசம் ஊசி போட்ட ஆளை இந்த மாசம் கேட்லயே பாத்து உறுமுற நாய் எங்ககிட்ட நெறைய இருக்குதுங்க."

அரங்கமே சிரித்தது. பாவம், பயிற்சியாளரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

தேநீர் இடைவேளையில் அதே பெண் என்னிடம் வந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "மேடம், ஒரு மாடு உங்க கையிலயே செத்துப்போச்சுன்னா, அடுத்த மாட்டை எப்படித் தொட்டீங்க?" என்று கேட்டாள். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஏதோ கொஞ்சம் சொன்னேன். சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. படித்தேன், தேர்வு எழுதினேன், பாகலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் வேலை கொடுத்தார்கள். கணவருக்கு ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை. என் பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உண்மையில் நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியதே இங்கே வந்த பிறகுதான். முதலில் பாஷை. மாட்டுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசுவார்கள், மாட்டைக் கன்னடத்தில் கூப்பிடுவார்கள், எனக்காகத் தமிழுக்கு மாறுவார்கள். நான் சாத்தூர்த் தமிழில் "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டால் எந்த மாடும் தலையைத் திருப்பாது. "பா, பா" என்றால் வரும்.

மருந்தகத்தின் ஒரு பக்கம் ராகி வயலும் ரோஜாத் தோட்டமும். மறுபக்கம் ஆலைகளின் மதில்கள். அந்த மதில்களுக்கு இடையே விலை போகாத காலி மனைகளில்தான் எங்கள் ஊர் மாடுகள் மேய்ந்தன. அங்கே புல்லும் இருந்தது. ஆலைகள் கழித்துப்போட்டதும் இருந்தது.

என் சுபாவத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது. ஒரு மாட்டுக்குச் சினை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஊர் எருமையின் மடிவீக்கம் என்ன ஆனதோ என்று ஓடும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், ஃப்ரிட்ஜில் வைத்த தடுப்பூசி மின்வெட்டில் கெட்டிருக்குமோ என்று ஓடும். ஓசூர் மலைக்கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றாலும் அதே ஃப்ரிட்ஜ்தான் வரும். பக்தி எனக்கு உண்டு. ஆனால் சாமிக்கு முன்னால் நிற்பது என் உடம்பு மட்டும்தான் என்று எனக்கே தெரியும்.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் மூர்த்தி சார். ஓசூரில் மூத்த மருத்துவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். உயரமான ஆள், எதிலும் அவசரம் கிடையாது. சிக்கலான கேஸ் என்றால் ஜீப்பில் வருவார். இறங்கியதும் மாட்டிடம் போக மாட்டார். ஒரு பக்கெட் தண்ணீர் கேட்பார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். அதற்குள் வீட்டுக்காரர்கள் முழுக் கதையையும் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். எப்போது ஆரம்பித்தது, யார் கண் பட்டது, எந்த மந்திரவாதியிடம் கயிறு கட்டினோம் என்பது வரைக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பிறகு ஒரே கேள்வி:

"சரிப்பா. இப்ப என்ன பண்ணுது?"

"நேத்துலருந்து தண்ணியே குடிக்கல சார்."

"அது நேத்து. இப்ப?"

அப்போதுதான் எல்லோரும் மாட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவரும் அதன் தோள் பக்கமாகப் போய், தொடாமல், சும்மா நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையைத் தோளுக்குப் பின்னால் வைப்பார். எடுக்க மாட்டார். மாட்டின் மூச்சு ஏறி இறங்குவதற்கு ஏற்ப அந்தக் கையும் ஏறி இறங்கும். அதன் பிறகுதான் தெர்மாமீட்டர், ஸ்டெதாஸ்கோப் எல்லாம். வேலை முடிந்ததும் மறுபடி கை கழுவிக்கொண்டு "ஆய்த்து" என்பார். முடிந்தது என்பதற்குக் கன்னடச் சொல். அதோடு அந்த மாட்டைப் பற்றி ஜீப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஓய்வு பெறப்போகும் அதிகாரியின் சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் நேராகப் போய்க் கையை வைத்தால் உதைக்கிற மாடு, அவர் கை வைத்தால் நின்றது. என் கெண்டைக்காலில் இருந்த தழும்புகள் பொய் சொல்லாது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அதுகிட்ட என்ன சார் பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லம்மா. அது எங்க இருக்குதோ அங்க நானும் போய்ச் சேர வேணாமா? ஜீப்புல வந்த உடம்பு வந்துடுச்சு. மனசு வந்து சேரக் கொஞ்சம் டைம் ஆவுது."

மாடுகளை அவர் முனிவர்களாகவும் நினைத்ததில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு முறை நோய்த் தடுப்பு முகாம் போட்டோம். விற்றுப்போன ஒரு பசுவை லாரிப் பக்கம் கட்டியிருந்தார்கள். கன்றை வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். அது கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஊசி போடவே கை வரவில்லை. பிறகு யாரோ அதன் முன்னால் ஒரு கட்டு ராகித் தாள் போட்டார்கள். தின்றது. கொஞ்சம் தின்றுவிட்டு மறுபடி கத்தியது. மறுபடி தின்றது.

"பாத்தீங்களா" என்றார் மூர்த்தி சார். "அழுவறப்ப முழுசா அழுவுது. திங்கறப்ப திங்குது. நம்மால ரெண்டுல ஒண்ணையும் ஒழுங்கா செய்ய முடியல."

அன்றைக்கு அது எனக்கு ஒரு சாமர்த்தியமான பேச்சாகத்தான் பட்டது. அதில் எனக்கான பாடம் இருக்கிறது என்று தெரிய, ஒரு பசு சாக வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது பழைய டயர்களைக் காலி மனைகளில் போட்டு எரிப்பார்கள். ரப்பர் எரிந்த பிறகு, உள்ளே இருந்த எஃகுக் கம்பிகள் முடிபோல் உதிர்ந்து புல்லில் கிடக்கும். மாடு நாக்கால் சுழற்றி இழுத்துத் தின்னும் பிராணி. நம்மைப் போல மென்று பார்த்துத் துப்பாது. கம்பியும் புல்லோடு போகும். போய், தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் இரண்டாவது வயிற்றில் தங்கும். அதற்கு முன்னால் ஒரு மெல்லிய தடுப்பு. அந்தத் தடுப்புக்கு முன்னால் இதயம். வயிறு சுருங்கிச் சுருங்கி, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளும்.

அப்படி ஒரு பசுவை நான் திறந்தேன். கம்பியை எடுத்தேன். தைத்தேன். ஆனால் கம்பி அதற்கு முன்பே இதயத்தின் உறையைத் தொட்டுச் சீழ் வைத்துவிட்டது. சில நாளில் பசு செத்தது. மூர்த்தி சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானா இருந்தாலும் திறந்துதான் பாத்திருப்பேன்" என்றார். தவறு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியும், தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு கத்தியை எடுத்தால் கை நடுங்கியது. முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும் எந்த மாட்டைப் பார்த்தாலும், செத்த அந்தப் பசுவின் கண்தான் தெரிந்தது. கிருஷ்ணகிரியில் அலுவலக வேலை ஒன்று காலியாக இருந்தது. மாட்டைத் தொடவே வேண்டாத வேலை. அதற்கு விண்ணப்பித்தேன்.

மூர்த்தி சார் தடுக்கவில்லை. "அனுப்பி வைக்கறேன். ஆர்டர் வர்ற வரைக்கும் வர்ற மாட்டைப் பாருங்க" என்றார்.

அந்த இடைவெளியில்தான் மஞ்சுளா வந்தாள்.

மருந்தகத்தைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்கிறவள். வேலைக்குப் போகும் உடுப்பிலேயே, வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள்.

"டாக்டரம்மா, எங்க கங்கா தின்ன மாட்டேங்குது. அசை போடறதையும் விட்டுடுச்சு. நெஞ்சைத் தொட்டா முனவுது. சினை வேற. நீங்க வந்து பாக்கணும்."

எங்கள் உதவியாளர் வெங்கடேசப்பாவையும் கூட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன். வழியில் அவள் மாட்டைவிடக் கணவனைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். கணவன் பெயர் சின்னராஜ். ஆலையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் வேலை செய்யும்போது இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

"காயம் ஆறிடுச்சுங்க. கம்பெனியில ஸ்டோர்ல வேலை தர்றேன், வான்னு கூப்புடறாங்க. இவரு போவ மாட்டேங்கறாரு. இருக்கற கையும் போயிட்டா என்னா பண்றதுங்கறாரு. சோத்தைப் போட்டு வெச்சா அதையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. மாடு ஒண்ணுதான் வூட்டுல நல்லா தின்னுட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் நிறுத்திடுச்சு."

அவர்கள் வீடு இரண்டு ஆலை மதில்களுக்கு நடுவே இருந்தது. பின்னால் காலி மனை. அங்கேயும் கறுத்த டயர்ச் சாம்பல் கிடந்தது. வீட்டு வாசற்படிக்குள்ளே ஒரு ஆள், இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நாங்கள் போனதற்குத் திரும்பவில்லை.

கங்கா கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு. முன்னங்கால் முட்டிகளை வெளியே விரித்து, முதுகைத் தூக்கி நின்றாள். சரிவில் இறக்கிப் பார்த்தோம். இறங்க மறுத்தாள். இறங்கினால் வயிறு முன்னால் சாயும், கம்பி குத்தும். மஞ்சுளாவும் வெங்கடேசப்பாவும் ஆளுக்கு ஒரு முனையில் நின்று, ஒரு மூங்கில் கழியை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து மெல்லத் தூக்கினார்கள். கங்காவிடமிருந்து ஒரு முனகல் வந்தது. மனிதர் முனகுவது போலவே இருக்கும் அது.

கழுத்து நரம்பை அழுத்திப் பார்த்தேன். புடைக்கவில்லை. இதயத்தின் பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். வேகமாக இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. போன பசுவின் இதயத்தில் குடத்தில் தண்ணீர் தளும்புவது போல ஒரு சத்தம் இருந்தது. இதில் இல்லை. அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. காப்பாற்றலாம். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் மறுபடி கத்தியை எடுக்க வேண்டும்.

மூர்த்தி சாருக்கு ஃபோன் செய்தேன். மதியம் வந்தார். அவருக்கு அப்போது வலது தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாத நிலை. மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரைக்கும் கை போக வேண்டிய வேலை இது. நான்தான் செய்ய வேண்டும்.

"நாளைக்குக் காலையில வச்சுக்கலாமா சார்?"

"எதுக்கும்மா?"

"கொஞ்சம் தயார் பண்ணிக்கிறேன்."

"மாடு தயாரா நிக்குது."

"சார், போன தடவை..."

"நீங்க பாத்துட்டு நிக்கறது போன மாடும்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அது போயாச்சு. இது வேற மாடு. இது இப்ப என்ன பண்ணுது, சொல்லுங்க."

கங்காவின் தோளில் கையை வைத்தேன். எடுக்காமல் வைத்திருந்தேன். தோல் சூடாக இருந்தது. உள்ளே மூச்சு குட்டையாக வந்து போனது.

"மூச்சைக் குட்டையா விடுறா சார்."

"சரி. இன்னும்?"

"வலது காதைப் பின்னால வச்சிருக்கா. இடது கால்ல பாரம் போடல. வாலை ஆட்டுறா. சாணி கெட்டியா இருக்கு."

"இன்னும்?"

"என்னைப் பாக்குறா."

"அவ்வளவுதான். பக்கெட் கொண்டா வெங்கடேசப்பா."

நடுக்கம் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையின் நடுக்கம் கையில் மட்டும் இருந்தது. அது வரைக்கும் உடம்பு முழுக்க இருந்தது.

தலையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் ஷிஃப்டில் இருந்தார்கள். மஞ்சுளா வெந்நீருக்கு வேண்டும், வெங்கடேசப்பா எனக்கு உதவ வேண்டும். மூர்த்தி சார் வாசற்படிப் பக்கம் திரும்பினார்.

"யப்பா, எழுந்து வா. மாட்டுத் தலையைப் பிடி."

"எனக்குக் கை இல்லீங்க சார்" என்றான் சின்னராஜ், சுவரைப் பார்த்தபடியே.

"ஒரு கை முழுசா இருக்குது. இன்னொண்ணுல ரெண்டு வெரல் இருக்குது. கயிறு பிடிக்க அது போதும். வா."

அப்படி யாரும் அவனிடம் பேசியிருக்க மாட்டார்கள் போல. எழுந்து வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான்.

இந்த அறுவைச் சிகிச்சையை மாட்டை நிற்கவைத்தே செய்வோம். இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் ரோமத்தைச் சிரைத்து, சோப்பால் கழுவி, அயோடின் தடவினேன். மரத்துப்போகும் ஊசியை வரிசையாகப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, ஊசி முனையால் குத்திப் பார்த்தேன். கங்கா அசையவில்லை. தோலைக் கீறினேன். அதன் கீழே தசை, ஒவ்வொரு அடுக்காக. பிறகு வயிற்றின் உள்சவ்வு. முதல் வயிறான பெரிய வயிற்றை வெளியே இழுத்து, அழுக்கு உள்ளே சிந்தாதபடி தோலோடு சேர்த்துத் தைத்தேன். அதன் பிறகு அதைத் திறந்தேன். புளித்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இருந்த தீனியை வாரி வாரி வெளியே போட்டேன். பிளாஸ்டிக் பைகள், ஒரு ஷூ லேஸ், ஒரு வாஷர்.

அப்போது ஒரு ஈ வந்து கங்காவின் காதில் உட்கார்ந்தது. காதை ஆட்டினாள். ஈ பறந்து நெற்றியில் உட்கார்ந்தது. தலையை உதறினாள். ஈ மறுபடி காதுக்கு வந்தது. மறுபடி காதை ஆட்டினாள். அந்த ஈயைத் தவிர உலகத்தில் வேறு தொல்லையே இல்லாதது போல ஆட்டினாள்.

சின்னராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டரம்மா, இதுக்கு வலிக்கலீங்களா?"

"மருந்து போட்டிருக்கேன். அந்தப் பக்கம் மரத்துப்போயிருக்கும்."

"அது சரிங்க. வயிறு தொறந்து கெடக்குது. இது ஈயைத் தொரத்திட்டு இருக்குது."

"அதுக்கு இப்ப ஈதானப்பா தொந்தரவு" என்றார் மூர்த்தி சார்.

அவன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். பிறகு, எங்களிடம் சொல்வது போல இல்லாமல், மாட்டிடம் சொல்வது போலச் சொன்னான்: "எனக்குக் கை போனது ஒரு நிமிஷந்தான். ஆனா தெனமும் திரும்பத் திரும்பப் போவுது."

மஞ்சுளா வெந்நீர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். யாராவது ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம். மூர்த்தி சார், "தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடிப்பா. ஆங், அப்படி" என்றார். அவன் திருப்பிப் பிடித்தான்.

என் கை அப்போது கங்காவின் வயிற்றுக்குள் இருந்தது. அவன் சொன்னது எனக்குச் சொன்னதாகவே இருந்தது. என் பசுவும் ஒரு முறைதான் செத்தது. அதை நான் தினமும் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

கையை முன்னால், இரண்டாவது வயிற்றுக்குள் நீட்டினேன். விரல் நுனியில் தேன்கூட்டு அறைகள் தட்டுப்பட்டன. ஒவ்வொரு அறையாகத் தடவினேன். ஒன்றுமில்லை. இன்னும் முன்னால். கை தோள் வரைக்கும் உள்ளே போனதில், என் கன்னம் கங்காவின் விலாவில் ஒட்டிக்கொண்டது. அவள் இதயம் என் காதுக்குள் அடித்தது.

"இப்ப?" என்றார் மூர்த்தி சார்.

"கிடைக்கல சார்."

"சரி. இப்ப?"

"முன்சுவர்ல ஏதோ கெட்டியா இருக்கு. முடிச்சு மாதிரி." முடிச்சின் நடுவில் விரல் நுனியால் தேடினேன். ஊசி முனை போல ஒன்று சுரீரென்று பட்டது. "இருக்கு சார். நுனி மட்டும்தான் வெளிய இருக்கு. பிடிச்சா நழுவுது."

"நழுவட்டும். இப்ப?"

விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. இழுக்கும்போது திசை மாறினால் இதயப் பக்கம் கிழியும் என்ற நினைப்பு வந்தது. போன பசு வந்தது. விண்ணப்பம் வந்தது. கங்கா காதை ஆட்டும் சத்தம் பட் பட்டென்று கேட்டது. நினைப்புகள் வந்தபடியே இருந்தன, ஆனால் நான் விரல் நுனியில் இருந்தேன். கம்பி வந்த வழியிலேயே, இரண்டு விரல் நுனிகளுக்கு இடையில் கவ்வி, பின்னால் இழுத்தேன். நழுவியது. மறுபடி கவ்வினேன். அசைந்தது. பிறகு தயக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

வெளியே எடுத்தேன். விரல் நீளம் இருந்தது டயர்க் கம்பி, ஒரு முனை வளைந்து. மூர்த்தி சார் அதை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். "சீழ் நாத்தம் இல்ல" என்றார். "இதயத்துப் பக்கம் போகல."

கையுறையையும் கருவிகளையும் மாற்றிக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன். வயிற்றை இரண்டு அடுக்காகத் தைத்து உள்ளே விட்டு, தசையை மூடி, தோலுக்கு வந்தபோது மஞ்சுளா "அய்யோ!" என்றாள். பயந்து நிமிர்ந்தேன். கங்கா, சின்னராஜின் காலடியில் கிடந்த ராகித் தாளில் நாக்கை நீட்டி ஒரு கற்றையை இழுத்து மென்றுகொண்டிருந்தாள். அவ்வளவு நாள் எதையும் தொடாதவள். நான் இன்னும் தோலைத் தைத்து முடிக்கவில்லை.

"பிடுங்கவா சார்?" என்று சின்னராஜ் பதறினான்.

"வேணாம்பா. ஒரு வாய் திங்கட்டும்" என்றார் மூர்த்தி சார். கை கழுவிக்கொண்டு, "ஆய்த்து" என்றார்.

எனக்கு அதோடு முடிந்துவிடவில்லை. அடுத்தடுத்த நாள்களில் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் காய்ச்சல் ஏறியது. மருந்தை மாற்றினேன். கன்று நிற்குமா, கலையுமா என்று பயந்தேன். என் சுபாவம் ஒரே பகலில் மாறிவிடுமா? ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. பயம் வரும்போதெல்லாம் கங்காவின் தோளில் கையை வைத்து, இப்போது என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். பெரும்பாலும் ஏதாவது ஒன்றைச் சாதாரணமாகச் செய்துகொண்டிருப்பாள். வலித்தால் முனகினாள். வலி நின்றதும் முனகல் நின்றுவிட்டது. வலிக்கப்போகிறதே என்று முனகவில்லை. வலித்ததே என்றும் முனகவில்லை. ஒரு காலையில் நான் போனபோது படுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அசை போட்டுக்கொண்டிருந்தாள். தாடை அப்படியே நிதானமாகச் சுற்றியது. நான் கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சுளா கொடுத்த காப்பியைச் சூடாகவே குடித்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு காப்பி காப்பியாக ருசித்தது.

அலுவலக வேலை வேண்டாம் என்று மூர்த்தி சாரிடம் போய்ச் சொன்னேன். ஏன் என்று கேட்பார், ஒரு பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நாளைக்கு சினை பாக்கற கேம்புக்கு வந்துடுங்க" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சியாளர் சொன்னது முழுக்கத் தவறில்லை. ஆனால் மிருகத்துக்கு நேற்று இல்லை என்பது சரியில்லை. ஊசி போட்டவனை நாய் நினைவில் வைத்திருக்கும். கன்றைப் பறிகொடுத்த பசு கத்தும். நேற்று அவற்றிடமும் இருக்கிறது. அதை இன்றைக்கு மேல் அடுக்கிச் சுமப்பதில்லை, அவ்வளவே. நான் எத்தனையோ கோயில்களில் தேடி நின்ற அமைதி, வேலை நேரத்தில், சாணி வாடைக்கு நடுவில், ஒரு மாட்டின் தோளில் கை வைத்தபோது எனக்குக் கிடைத்தது. மீதி வருஷங்கள் முழுக்க, ஒவ்வொரு மாட்டிடமும் முதலில் அந்தக் கையைத்தான் வைத்தேன். அதற்குப் பிறகும் மாடுகள் என் கையில் செத்தன. நான் அழுதேன். அடுத்த மாடு வந்தபோது அது அடுத்த மாடாகத்தான் இருந்தது.

கங்கா கன்று போட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன். அதற்குள் சின்னராஜ் ஆலையின் ஸ்டோருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு காலையில் போனான், சாயங்காலம் வந்தான், மறுநாளும் போனான் என்று மஞ்சுளா சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து ஃபோன்.

"டாக்டரம்மா, தண்ணிக்குடம் ஒடைஞ்சிடுச்சுங்க. சீக்கிரம் வாங்க."

வயிற்றில் கத்தி பட்ட பசு. முக்க முடியுமோ, தையல் தாங்குமோ, கன்று புரண்டிருக்குமோ. கன்று இழுக்கும் கயிறு, நீளக் கையுறை, குளுக்கோஸ் பாட்டில், தேவைப்பட்டால் திறப்பதற்கான கருவிகள் எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எல்லைச் சாலையில் கர்நாடகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றுக்கு இடையில் புகுந்து புகுந்து போனேன்.

போனபோது கன்று தரையில் கிடந்தது. பெண் கன்று, கிடேரி. கங்கா நின்றபடி அதை நக்கிக்கொண்டிருந்தாள், தலையிலிருந்து வால் வரைக்கும், அவசரமே இல்லாமல். நான் பையைக் கீழே வைக்காமலே போய் அவள் தோளில் கையை வைத்தேன். மூச்சு சீராக இருந்தது. தையல் தழும்பின் மேல் புது ரோமம் முளைத்திருந்தது.

கன்று எழ முயன்றது. பின்னங்கால் எழுந்தது, முன்னங்கால் மடங்கியது, மூக்கு மண்ணில் குத்தியது. மறுபடி எழுந்தது. மறுபடி விழுந்தது. விழுந்ததைப் பற்றி அதற்கு ஒரு யோசனையும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் நான்கு கால்களையும் நான்கு பக்கம் பரப்பி நின்றது. பாலைத் தேடித் தாயின் முன்னங்காலை முட்டியது. அங்கே ஒன்றும் இல்லை. மதில்சுவரை முட்டியது. அங்கேயும் இல்லை. மஞ்சுளாவின் சேலையை முட்டியது.

"இங்க வா, இங்க வா" என்று சின்னராஜ் மண்டி போட்டு உட்கார்ந்து இடது கையை நீட்டினான். கன்று அந்த இரண்டு விரல்களையும் லபக்கென்று வாய்க்குள் இழுத்துச் சப்ப ஆரம்பித்தது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, விரலைச் சப்பவிட்டபடியே, கன்றை மெதுவாக மடிப் பக்கம் நடத்திக்கொண்டு போனான். காம்புக்குப் பக்கத்தில் போனதும் விரலை உருவினான். கன்று ஒரு கணம் திகைத்தது. பிறகு காம்பைக் கண்டுபிடித்தது. வால் ஆட ஆரம்பித்தது.

மஞ்சுளா என் பையைப் பார்த்தாள். "டாக்டரம்மா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாங்களா?"

"ஒண்ணும் வேணாம் மஞ்சுளா. சும்மா பாத்துட்டு இருக்கலாம்."

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.